"எந்தக் கோழி வாங்கலாம் டீச்சர்?" – ஒரு வரலாற்றுப் பதில்



சென்ற ஒரு மாதத்தில் மட்டும் ஐந்து பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் இடம் கிடக்கு. நாலு கோழி வளர்க்கலாம்னு இருக்கோம். பிள்ளைங்க கிட்டப் போனா கொத்தக் கூடாது, முட்டையும் நல்லாப் போடணும். எந்த இனம் வாங்கலாம்?" என் அக்கா மகள் கேட்டாள், பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் ஒருவனும் கேட்டான். இன்று அவன் பிள்ளைக்குக் கல்யாண வயது!

ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் வரலாறு நடத்தியவளிடம் கேட்டால் வரலாறாகத்தான் பதில் வரும். பதிவு நீளம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆற அமரப் படியுங்கள்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். எந்தக் கோழி இனமும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய தேவைக்காக, பல தலைமுறை பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கப்பட்டது. அந்த 'யாரோ' யார் என்று தெரிந்துவிட்டால், அந்தக் கோழி நம் வீட்டுக்குச் சரிப்படுமா என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

தொடக்கம் காட்டில். வீட்டுக்கோழிக்கு மூதாதை செங்காட்டுக்கோழி என்று டார்வின் 1868-ல் வெளியிட்ட நூலிலேயே வாதாடினார். இன்றைய மரபணு ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. அது மனிதனோடு ஒட்டியது தென்கிழக்கு ஆசியாவில். தாய்லாந்தில் பான் நான் வாட் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகள் சுமார் 3,500 ஆண்டுகள் பழையவை என்று 2022-ல் வந்த ஆய்வு கூறியது. நெல்லும் தினையும் விளைந்த வயல்களில் சிந்திய தானியம்தான் காட்டுக்கோழியை ஊருக்குள் இழுத்தது என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. கடையில் பார்க்கும் வெள்ளை லெகார்ன் கோழியின் கால் மஞ்சளாக இருக்கிறதல்லவா? அந்த மஞ்சள் நிறத்துக்கான மரபணு செங்காட்டுக்கோழியிடமிருந்து வந்ததல்ல. சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் கண்டுபிடித்தார்கள். சாம்பல் காட்டுக்கோழி இந்தியத் தீபகற்பத்துக்கே உரியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போனால் விடியற்காலையில் அதன் குரலைக் கேட்கலாம். உலகம் முழுக்க மஞ்சள் காலோடு நடக்கும் கோழிகள் எல்லாம் அந்த வகையில் நமக்குத் தூரத்துச் சொந்தம்.

காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். இட்டதும் அடைகாக்கும். அதற்கு மேல் இட வேண்டிய தேவை அதற்கு இல்லை. நம் ஊர்ச் சிறுவிடைக் கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரை இடுகிறது. காட்டோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய பாய்ச்சல். "நாட்டுக்கோழி ஏன் டீச்சர் இவ்வளவு கம்மியாப் போடுது?" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு ஈட்டுக்குப் பதினைந்து, இருபது முட்டை இடும். பிறகு அடையில் உட்கார்ந்தால் 21 நாள். குஞ்சு பொரித்தபின் இரண்டு மூன்று மாதம் அவற்றைக் கூட்டிக்கொண்டு திரியும். அத்தனை நாளும் முட்டை கிடையாது. ஆண்டுக்கு நான்கு சுற்று வந்தாலே அதிகம். ஆக அது முட்டை குறைவாக இடும் கோழி என்பதைவிட, ஆண்டில் பெரும்பகுதியைத் தாயாகக் கழிக்கும் கோழி என்று சொல்வதே பொருத்தம்.

அப்படிப்பட்ட கோழி யாருக்குத் தேவைப்பட்டது? தீவனத்துக்குக் காசு செலவழிக்க முடியாத வீட்டுக்கு. குப்பையைக் கிளறித் தானே தின்னும். பருந்து வந்தால் குரல் கொடுத்துக் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும். சாயங்காலம் பஞ்சாரத்தைக் கவிழ்த்தால் போதும். புதுக்குஞ்சு வாங்க வேண்டியதில்லை, அதுவே பொரித்துத் தரும். முட்டை விற்ற காசு வீட்டுப் பெண்களின் சிறுவாடு. என் மாமியார் அடுக்குப்பானையில் சேர்த்த முட்டைக்காசில்தான் என் நாத்தனாரின் முதல் பள்ளிக்கூடச் செருப்பு வந்தது என்று சொல்வார். கணக்குக் கேட்க ஆண்களுக்கு உரிமை இல்லாத ஒரே வருமானம் அது! அமெரிக்கப் பண்ணை வீடுகளிலும் அப்படித்தான். முட்டையும் வெண்ணெயும் விற்ற காசு மனைவியின் கையில் இருந்தது. இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி 'இனம்' என்ற பேச்சு எப்படி வந்தது என்று பார்ப்போம்.

அபினிப் போர் பற்றி நடத்தியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? 1842 நான்கிங் உடன்படிக்கையால் சீனத் துறைமுகங்கள் திறந்தன. பட்டும் தேயிலையும் வந்த கப்பல்களில் பெரிய பெரிய சீனக் கோழிகளும் வந்தன. காலெல்லாம் இறகு, பந்து போன்ற உடல், பூனைபோல் சாதுவான குணம். ஐரோப்பியர் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அவற்றுக்குக் கொச்சின் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. நம் பக்கத்துக் கொச்சிக்கும் அந்தக் கோழிக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் மனதில் இருந்தது வியட்நாம் பக்கத்துக் கொச்சின்-சைனா. விக்டோரியா அரசி இவற்றை ஆசையோடு வளர்த்தார். அரசி வளர்த்தால் ஊர் சும்மா இருக்குமா?

1849-ல் பாஸ்டன் நகரில் அமெரிக்காவின் முதல் கோழிக் கண்காட்சி நடந்தது. அதன்பின் சில ஆண்டுகள் இரு நாடுகளிலும் பித்துப் பிடித்த மாதிரி கோழி வாங்கினார்கள். அதற்குக் 'கோழிக் காய்ச்சல்' என்றே பெயர். பிரம்மபுத்திரா ஆற்றின் பெயரைச் சூட்டிய பிரம்மா கோழிகளை ஜார்ஜ் பர்னம் என்ற வியாபாரி 1852-ல் விக்டோரியா அரசிக்கே பரிசாக அனுப்பினார். விளம்பரம் என்றால் அதுவல்லவா விளம்பரம்! 1855-க்குள் காய்ச்சல் இறங்கியது, விலை விழுந்தது. அதே பர்னம் அந்த ஆண்டே 'கோழிக் காய்ச்சலின் வரலாறு' என்று ஒரு நகைச்சுவைப் புத்தகம் எழுதி அதிலும் காசு பார்த்தார்.

இதைப் படித்துச் சிரிப்பவர்கள் கொங்குப் பக்கம் 2012-ல் ஈமு கோழி என்ன பாடு படுத்தியது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முட்டைக்கும் இறைச்சிக்கும் உண்மையான சந்தை இல்லாதபோது, குஞ்சு விற்பவன் மட்டும்தான் சம்பாதிப்பான். 160 ஆண்டு இடைவெளியில் இரண்டு கண்டங்களில் ஒரே பாடம். இன்று யாராவது "அரிய இனம், ஜோடி இத்தனை ஆயிரம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால், முதலில் பர்னத்தை நினையுங்கள்.

காய்ச்சல் தணிந்த பிறகுதான் உருப்படியான வேலை நடந்தது. அதில் மூன்று இனங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது லெகார்ன். இத்தாலியில் லிவோர்னோ என்றொரு துறைமுகம். அந்தப் பெயரை ஆங்கிலேயர் வாயில் போட்டு மென்று 'லெகார்ன்' ஆக்கினார்கள். (தூத்துக்குடியை 'டூட்டிகோரின்' ஆக்கியவர்கள்தானே!) அங்கிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கா போன ஒல்லியான, சுறுசுறுப்பான கோழி இது. வளர்ந்து வந்த நகரங்களுக்கு முட்டை வேண்டும், ஆண்டு முழுக்க வேண்டும். லெகார்ன் குறைவாகத் தின்று நிறைய இட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடையில் உட்காரும் குணம் அதற்குப் பெரும்பாலும் இல்லை. அதாவது அது நகரச் சந்தைக்கான கோழி. ஆனால் சுபாவம் பதற்றம். கதவைத் திறந்தாலே படபடவென்று பறக்கும், வேலி தாண்டும். பிள்ளைகள் மடியில் வைத்துக் கொஞ்ச ஏற்றதல்ல.

இரண்டாவது ரோட் ஐலண்ட் ரெட். அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டில், லிட்டில் காம்ப்டன் என்ற கடலோர ஊர். அங்கிருந்த வில்லியம் டிரிப் என்ற மாலுமி 1854-ல் ஒரு மலாய்ச் சேவலை வாங்கி வந்து தன் வீட்டுக் கோழிகளோடு விட்டார். பிறந்த குஞ்சுகள் வளர்ந்தபோது மற்றவற்றைவிட நன்றாக முட்டையிட்டன. அக்கம்பக்கத்து விவசாயிகளும் சீன, மலாய்க் கோழிகளின் ரத்தத்தைக் கலந்து, சிவப்பானதையும் திடமானதையும் பொறுக்கிக்கொண்டே வந்தார்கள். அழகுப் போட்டி அவர்கள் நோக்கம் அல்ல. கடும் குளிரைத் தாங்க வேண்டும், முட்டையும் வேண்டும், வயதானால் குழம்புக்கும் ஆக வேண்டும். 1904-ல்தான் அமெரிக்கக் கோழியினச் சங்கம் இதற்கு அங்கீகாரம் தந்தது. ஐம்பது ஆண்டுகள் விவசாயிகள் சான்றிதழ் இல்லாமலே வளர்த்திருக்கிறார்கள். 1954-ல் அது ரோட் ஐலண்டின் மாநிலப் பறவை ஆனது. மயில், கழுகு என்றிருக்கும் உலகில், முட்டைக்கோழிக்கு அந்த மரியாதை!

மூன்றாவது ஆஸ்ட்ரலார்ப். இங்கிலாந்தில் அன்று கென்ட் பகுதியிலிருந்த ஆர்பிங்டன் ஊரில் வில்லியம் குக் என்பவர் 1886-ல் கறுப்பு ஆர்பிங்டன் கோழியை உருவாக்கினார். இங்கிலாந்துக்காரர்கள் அதை அழகுக்காக வளர்த்துப் பஞ்சு மூட்டை ஆக்கினார்கள். ஆஸ்திரேலியாவுக்குப் போன அதே கோழியை அங்குள்ளவர்கள் முட்டைக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். 1922-23-ல் நடந்த முட்டைப் போட்டியில் ஆறு கோழிகள் 365 நாளில் 1,857 முட்டைகள் இட்டன. சராசரி 309.5. விளக்கு வெளிச்சம் கூட்டித் தூண்டாமலே! ஒரு பெற்றோர், இரு பிள்ளைகள், இரண்டு நாடுகள். எதைப் பார்த்துப் பொறுக்குகிறோமோ அதுதான் கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை.

ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகும். ஆகவே நாளுக்கு ஒன்றுக்கு மேல் எந்தக் கோழியாலும் தொடர்ந்து இட முடியாது. ஆண்டுக்கு 300 என்றால் உச்சத்தை நெருங்கியாயிற்று. அதன்பிறகு தொழில் வேறு பக்கம் போனது. கூண்டு வந்தது, கலப்பினங்கள் வந்தன, முட்டை ஆலைச் சரக்கானது. நான் முன்பு சொன்ன பெண்களின் முட்டைக்காசு அங்கேயும் இங்கேயும் கம்பெனிக் கணக்குக்கு மாறியதும் இந்தக் காலத்தில்தான்.

இப்போது "கொத்தக் கூடாது" என்ற கேள்விக்கு வருகிறேன். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. அதை 1921-ல் எழுதி வெளியிட்டவர் ஷெல்டெருப்-எப்பே என்ற நார்வேக்காரர். சிறுவனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கத் தொடங்கியவர் அவர். (பிள்ளைகள் கோழிக்கூட்டருகே நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று திட்டாதீர்கள்.) அந்த வரிசை அமைதியாக இருக்குமா, ரத்தக்களரியாகுமா என்பது இனத்தையும் இடவசதியையும் பொறுத்தது.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மூர் ஒரு சோதனை செய்து 1996-ல் வெளியிட்டார். அதிகம் முட்டையிடும் தனிக்கோழியைத் தேடாமல், ஒரே கூண்டில் சேர்ந்து வாழும் சகோதரிக் கோழிகளின் மொத்த விளைச்சலைப் பார்த்து அடுத்த தலைமுறையைத் தேர்ந்தெடுத்தார். தொடக்கத்தில் ஒன்றையொன்று கொத்தியே பெரும்பாலும் செத்துக்கொண்டிருந்தன. ஆண்டு இறப்பு 68 சதவீதம். சில தலைமுறைகளுக்குள் அது 8.8 சதவீதமாக இறங்கியது. கூண்டில் விட்ட கோழி ஒன்றுக்கு ஆண்டு முட்டை 91-லிருந்து 237 ஆக ஏறியது. கோழி மாறியது குணத்தால். முட்டை கூடியது அதனால். முதல் மார்க் வாங்கியவரை மட்டும் மேடையேற்றாமல் வகுப்பு மொத்தத்தையும் பார்க்க வேண்டும் என்று தலைமையாசிரியர்களிடம் நான் முப்பது ஆண்டு மல்லுக்கட்டியது உங்களுக்குத் தெரியும். என் கட்சிக்குக் கோழிகளும் சாட்சி!

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் கிராம முன்னேற்ற மையம் தொடங்கினார். அன்று அது திருவிதாங்கூர். தேனீயோடு சேர்த்து, நல்ல முட்டைக்கோழி வளர்ப்பையும் கூட்டாக முட்டை விற்பதையும் ஏழை வீடுகளுக்குக் கற்றுக்கொடுத்தார். மார்த்தாண்டம் தேன் எல்லோருக்கும் தெரியும், முட்டைக் கதை பலருக்குத் தெரியாது.

ஆனால் அதே 1920களின் இறுதியில் இடியொன்று விழுந்தது. இமயமலைப் பகுதியில் உள்ள ராணிக்கேத் ஊரில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. நாம் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்வது அந்த நோயைத்தான். ஊர்ப் பெயரே நோய்ப் பெயரானது. 1940களில் முக்தேசுவரம் ஆய்வகத்தில் தடுப்பூசி கண்டுபிடிக்கும்வரை நல்ல இனம் வாங்குவது சூதாட்டம்தான். இன்றும் தடுப்பூசி போடாதவர்களுக்கு அது சூதாட்டமே.

1970களுக்குப் பிறகு நம் நாட்டிலேயே கலப்பின லெகார்ன் குஞ்சுகள் கிடைத்தன. நாமக்கல் முட்டை நகரமானது. அதன் பலனை நான் கண்ணால் பார்த்தவள். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கினார். 1989-ல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. படிப்படியாகக் கூடி 2010-ல் வாரம் ஐந்து முட்டை ஆனது. முட்டை நாளில் வருகைப் பதிவேடு நிரம்பும். கூண்டுக்கோழியை நான் விரும்புவதில்லை. ஆனால் அந்தத் தட்டுகளில் இருந்த முட்டையை வைத்த கோழியைப் பழிக்கவும் எனக்கு மனம் வராது. இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

வீட்டுப் புழக்கடைக்கு நாமக்கல் கோழி சரிவராது. கூண்டுக்கும் கணக்குத் தீவனத்துக்கும் பழகிய இனம் அது. இதை உணர்ந்துதான் நம் ஆய்வு நிலையங்கள் இடைவழி ஒன்றைத் தேடின. ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழியின ஆராய்ச்சி நிலையம் வனராஜா, கிராமப்ரியா ஆகியவற்றைத் தந்தது. வனராஜா உடல் பெருத்தது, ஆண்டுக்கு 100 முதல் 110 முட்டை. கிராமப்ரியா முட்டைக்கானது, புழக்கடையிலேயே 160 முதல் 180 வரை இடும். நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம் கோழிகளை உருவாக்கியது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கிராமலட்சுமி, ஆஸ்ட்ரலார்ப்பும் லெகார்னும் சேர்ந்த பிள்ளை.

ஆக, இப்போது என் பதில்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு, நாலைந்து கோழிக்கு இடம், முட்டைதான் நோக்கம் என்றால், கிராமப்ரியா அல்லது நந்தனம் கோழி வாங்குங்கள். நம்பகமான இடத்தில் ரோட் ஐலண்ட் ரெட் கிடைத்தால் அதுவும் நல்லது. திடமானது, பெட்டைகள் பெரும்பாலும் சாதுவானவை. அவற்றோடு ஒரே ஒரு சிறுவிடையையும் வையுங்கள். மற்றவை அடையில் உட்காராது, அது உட்காரும். குஞ்சு பொரிப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாமா?

பெருவிடை என்னும் அசில் கோழி வேண்டாம். அது போருக்குப் பொறுக்கப்பட்ட இனம். வீரம் உண்டு, முட்டை குறைவு, பெட்டைகளே சண்டை பிடிக்கும். கடக்நாத் கறுப்பு அழகு. 2018-ல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் முட்டைக்காக அதை வாங்காதீர்கள்.

முட்டைக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு வேண்டுமென்றால்தான் சேவல். பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்தையும் எண்ணிப் பாருங்கள்.

ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்ததல்ல. பழுப்பு முட்டை எல்லாம் நாட்டுக்கோழி முட்டை என்று அதிக விலை கொடுத்து ஏமாறாதீர்கள். கிராமப்ரியா முட்டையும் பழுப்புதான்.

குஞ்சுக்கு முதல் வாரத்திலும் பிறகு எட்டாவது வாரத்திலும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து போட வேண்டும். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். இதைச் செய்ய நேரமில்லை என்றால் கோழியே வேண்டாம்.

குணத்தில் பாதி இனம், பாதி வளர்ப்பு. குஞ்சிலிருந்து கையில் தீனி வைத்துப் பழக்கினால் பயந்த கோழியும் பக்கத்தில் வரும். நெருக்கி அடைத்தால் சாதுவும் கொத்தும். வகுப்பறைக்கும் இதே விதிதான்.

கடைசியாக ஒன்று. மாப்பிள்ளைகளுக்கும் மகன்களுக்கும் சொல்கிறேன். கூட்டைச் சுத்தம் செய்வது, தீனி வைப்பது எல்லாம் வீட்டுப் பெண்கள் தலையில் விழும் என்றால், முட்டை விற்ற காசும் அவர்கள் கையில்தான் போக வேண்டும். அடுக்குப்பானை இல்லாவிட்டால் ஜிபே இருக்கிறது. கணக்குக் கேட்காதீர்கள்.

கோழி வளர்க்கும் மாணவர்கள் உங்கள் ஊர் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். உங்கள் பக்கத்தில் சிறுவிடைக்கு வேறு பெயர் இருந்தால் அதையும் எழுதுங்கள், சேர்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்